ஹோட்டல் ஹால் வேண்டாம், சிட்டிக்குள்ளயே வித்தியாசமான இடத்துல ஆபீஸ் மீட்டிங்கும் சாயந்திர விழாவும் வைக்கணும்னா இடத்தை எப்படித் தேர்வு பண்றது?

இந்தக் கேள்வி உங்க சொந்தக் கேள்வியா இருக்காதுன்னு நினைக்கிறேன். மேலிடத்துல யாரோ ஒருத்தர் எங்கயோ போட்டோ பாத்துட்டு "இந்தத் தடவ வித்தியாசமா பண்ணலாமே"ன்னு சொல்லிட்டுப் போயிருப்பார், பட்ஜெட் அதேதான், ஆளுங்களும் அதேதான், தேதி மட்டும் நெருங்கிட்டே இருக்கும், இடம் தேடுற வேலை உங்க தலையில விழுந்திருக்கும். ஈவென்ட் தொழில்ல ரொம்ப காலமா குப்பை கொட்டிட்டு இருக்கேன், வர்ற க்ளையன்ட்ல பாதிப்பேர் இந்தக் கதையோடதான் வர்றாங்க.

பதில் இதுதான். மீட்டிங்கையும் விழாவையும் ஒரே இடத்துல போட்டுக் குழப்பாதீங்க. உக்காந்து கேக்கற நிகழ்ச்சிக்குத் தேவை வேற, நின்னு பேசி சுத்தி வர்ற நிகழ்ச்சிக்குத் தேவை வேற. எவ்ளோ அதிசயமான இடமா இருந்தாலும் முதல் கால் மணி நேரம்தான் எல்லாரும் அண்ணாந்து பாப்பாங்க, அதுக்கப்புறம் நாற்காலி முதுகுக்கு ஒத்துக்குதா, பேசறது காதுல விழுதா, பாத்ரூம் பக்கத்துல இருக்கா, அவ்ளோதான் கவலை.

எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். ஒரு கம்பெனிக்கு வருஷாந்திர மீட்டிங். அவங்க எம்டிக்கு ஒரு பழைய என்ஜின் பழுதுபார்க்கிற ஷெட் பிடிச்சுப்போச்சு. நிஜமாவே அழகான இடம், செங்கல் சுவர், மேல இரும்புச் சட்டம், உச்சியில கண்ணாடி வழியா வெயில் பட்டை பட்டையா தரையில விழும், பழைய கிரேன் கொக்கி அப்படியே தொங்கிட்டு இருக்கும். ரெக்கி, அதாவது முன்கூட்டியே இடம் பாக்கப் போனப்போ கூட வந்த க்ளையன்ட் ஆளுங்க எல்லாரும் செல்ஃபோன்ல போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. எங்க சவுண்ட் அண்ணன் மட்டும் பையிலேர்ந்து ஒரு பலூனை எடுத்து ஊதி, நடு ஹால்ல நின்னு ஊசியால குத்தினாரு. டமார்னு ஒரு சத்தம், அது கூரைக்குப் போயி, கடைசிச் சுவர்ல முட்டி, திரும்பி வந்து, இன்னும் அடங்காம எங்கயோ உருண்டுட்டே இருக்கு. "இங்க மைக்ல எம்டி சார் பேசினா அவர் பேச்சு அவருக்கே புரியாது மேடம்"னாரு.

இது ஏதோ எங்க அண்ணன் கண்டுபிடிச்ச வித்தைன்னு நினைக்காதீங்க. 1895ல ஹார்வர்டுல ஃபாக் மியூசியத்துல புதுசா கட்டின லெக்சர் ஹால்ல ப்ரொஃபசர் பேசறது யாருக்கும் புரியலன்னு, வாலஸ் சபைன்னு ஒரு இளம் இயற்பியல் ஆசிரியர்கிட்ட சரி பண்ணச் சொன்னாங்க. அவர் என்ன பண்ணாருன்னா பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டர்லேர்ந்து சீட் குஷனையெல்லாம் ராத்திரியில தூக்கிட்டு வந்து போட்டுப் போட்டு, ஒரு ஆர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எவ்ளோ நேரம் ஆகுதுன்னு அளந்தாரு. காலி ஹால்ல அது சுமார் 5.5 செகண்ட். அந்த வேலையிலேர்ந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்னிக்கும் எல்லாரும் போடறாங்க: ஹாலோட கன அளவை 0.161ஆல பெருக்கி, அங்க இருக்குற பொருள், ஆளுங்க எல்லாம் சேர்ந்து சத்தத்தை உறிஞ்சற அளவால (அதை சதுர மீட்டர்ல சொல்வாங்க) வகுக்கணும், சத்தம் அடங்க எத்தனை செகண்ட்னு வந்துரும். 50 மீட்டர் நீளம், 20 அகலம், 10 உயரம் இருக்குற ஒரு செங்கல் ஹால்னா 10,000 கன மீட்டர். வெறும் சுவரும் தரையும் சேர்ந்து 400 சதுர மீட்டர் அளவு உறிஞ்சும்னு வச்சுக்கிட்டா 4 செகண்ட். ஒரு ஆள் சுமார் அரை சதுர மீட்டர் அளவு உறிஞ்சுவார், 200 பேர் உக்காந்தா இன்னொரு 100, அப்பவும் 3.2 செகண்ட். பேச்சு தெளிவா கேக்கணும்னா 1 செகண்ட் பக்கத்துல இருக்கணும். பெரிய ஸ்பீக்கரா வைங்கன்னு சொல்ற ஆளை நம்பாதீங்க, சத்தத்தை ஏத்தினா எதிரொலியும் சேர்ந்துதான் ஏறும். சின்னச் சின்ன ஸ்பீக்கரா நிறைய, ஆளுங்க பக்கத்துலயே வைக்கணும், பின்னாடி வரிசை ஸ்பீக்கருக்கு டிலே போடணும், அதாவது முன்பக்கச் சத்தம் வந்து சேர்ற நேரத்துக்கு ஒத்துப்போற மாதிரி தாமதிச்சு ஒலிக்க விடணும், ஏன்னா 34 மீட்டர் போக சத்தத்துக்கே பத்துல ஒரு பங்கு செகண்ட் ஆயிடும்.

இதை எம்டிகிட்ட சொன்னா மூஞ்சி போன போக்கைப் பாக்கணுமே. எனக்கு அந்த இடத்தை வேண்டாம்னு சொல்ல மனசில்ல, அது விழாவுக்கு அருமையான இடம். சுத்திப் பாத்தப்போ ஷெட்டுக்குப் பக்கவாட்டுல மரப்படி ஏறினா ஒரு அறை இருந்துச்சு, அந்தக் காலத்துல என்ஜின் வரைபடம் போடறவங்க உக்காந்த அறையாம். தாழ்வான கூரை, பலகைத் தரை, சுவர் முழுக்க பழைய பேப்பர் சுருள் வச்ச அலமாரி, வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல். அண்ணன் அங்கயும் ஒரு பலூனை உடைச்சாரு, பட்டுன்னு அடங்கிப்போச்சு. பேப்பரும் மரமும் சத்தத்தைக் குடிச்சிருச்சு. பகல் மீட்டிங் மாடியில, சாயந்திரம் கீழே ஷெட்ல நின்னுட்டே விருந்து, மேடைப் பேச்சு அஞ்சு நிமிஷத்துக்கு மேல கிடையாதுன்னு கறாரா சொல்லிட்டேன். நாள் பூரா ஒருத்தர்கூட "என்ன சொன்னீங்க?"ன்னு திருப்பிக் கேக்கல. சாயந்திரம் கீழ இறங்கி வந்தப்போ அந்த உயரத்தைப் பாத்து எல்லாரும் வாயைப் பொளந்தாங்க, ஏன்னா பகல்ல அதைக் காட்டாம மறைச்சு வச்சிருந்தோம். அன்னிக்கு மேடையில ஏறி "இந்த ரெண்டு மாடி ஐடியா நம்ம மார்க்கெட்டிங் ஹெட் குடுத்தது"ன்னு எம்டி சொன்னாரு, அந்த மனுஷனும் எழுந்து கும்பிடு போட்டுக்கிட்டாரு. சரி விடுங்க.

இதுக்கு சிலர் சண்டைக்கு வருவாங்கன்னு தெரியும், உலகம் பூரா பெரிய பெரிய இடத்துல நடத்தறாங்களேன்னு. நடத்தறாங்க, யார் இல்லன்னா? லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியத்துல நீலத் திமிங்கலத்தோட எலும்புக்கூடு தொங்குற ஹால்லயே ராத்திரி விருந்து வைக்கலாம். அதே லண்டன்ல டேட் மாடர்ன்ங்கற கலைக்கூடத்துல டர்பைன் ஹால் இருக்கே, 155 மீட்டர் நீளம், 23 அகலம், 35 உயரம், பழைய மின் நிலையம், கணக்குப் போட்டா ஒன்னேகால் லட்சம் கன மீட்டர் வரும். போலந்துல வியலிச்கா உப்புச் சுரங்கத்துல 100 மீட்டருக்கும் கீழ போயி கான்ஃபரன்ஸ் நடத்தறாங்க. அதெல்லாம் வாடகைக்கு விட்டு விட்டுப் பழகின இடம், வழிமுறை எல்லாம் எழுதியே வச்சிருப்பாங்க. நீங்க பிடிக்கப்போற இடத்துக்கு நீங்கதான் முதல் ஆளா இருக்கலாம், வித்தியாசம் அங்கதான்.

அப்புறம் உயரமான இடம்னா ஒன்னு யோசிங்க. லண்டன் டவர் பிரிட்ஜ் மேல் நடைபாதையில 2014ல கண்ணாடித் தரை போட்டாங்க, ஆத்துக்கு 42 மீட்டர் மேல. ஆசைதான், ஆனா உயரம்னாலே கை நடுங்கறவங்க உங்க டீம்ல கண்டிப்பா இருப்பாங்க, அதை பாஸ் முன்னாடி வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, அன்னிக்குன்னு பாத்து லீவு போடுவாங்க.

போட்டோவுல தெரியாத விஷயம் எல்லாம் பின்வாசல்ல இருக்கும். முன்வாசல் வழியா சுத்திக் காட்டுவாங்க, நீங்க பின்வாசலுக்குப் போங்க. டேப் வச்சு கதவை அளங்க, எல்இடி வால் பெட்டி தள்ளுவண்டியோட உள்ள போகணும். கரண்ட் த்ரீ பேஸ் இருக்கா, லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி பேஸ்ல எடுக்க முடியுமா, இல்லேன்னா ஜெனரேட்டர் எங்க நிறுத்தறது, அதோட சத்தம் உள்ள கேக்குமா. ஆள் கொள்ளளவு 300னு போட்டிருந்தா அது அனேகமா நின்னுட்டு இருக்குற கணக்கு. வட்ட மேஜை போட்டா தலைக்கு ஒன்னேகால்ல இருந்து ஒன்னரை சதுர மீட்டர் போயிரும், அதுலயும் மேடை, சவுண்டு லைட்டை இயக்கற கன்சோல் மேஜை, பரிமாற வழி எல்லாம் கழிச்சுப் பாருங்க. மியூசியம்னா பார்வையாளர் வெளிய போனப்புறம்தான் சாமான் இறக்க விடுவாங்க. மெழுகுவர்த்தி கூடாது, புகை மெஷின் கூடாது, சில இடத்துல ரெட் வைன்கூட கூடாது, பழைய துணியோ காகிதமோ வச்சிருக்குற அறைன்னா 50 லக்ஸுக்கு மேல (லக்ஸ்னா வெளிச்சத்தை அளக்கற அலகு, 50ன்னா மங்கல்தான்) வெளிச்சம் விட மாட்டாங்க, அதுல உங்க போட்டோகிராஃபர் அழுவார். சக்கர நாற்காலியில வர்றவங்களுக்கு வழி இருக்கா? நாங்க மாடி அறையை முடிவு பண்றதுக்கு முன்னாடி முதல்ல விசாரிச்சதே பின்பக்கம் லிஃப்ட் இருக்கான்னுதான்.

இடம் பத்தின கேள்விக்கு சம்பந்தமில்ல, இருந்தாலும் சொல்லிடறேன். வித்தியாசமான இடம் வேணும்னு கேக்கற கம்பெனிங்க பணம் குடுக்குறதுல மட்டும் ஒரு வித்தியாசமும் காட்ட மாட்டாங்க. இன்வாய்ஸ் அனுப்பினா "பிஓ நம்பர் (பர்ச்சேஸ் ஆர்டர் நம்பர்) தப்பு"ம்பாங்க, திருத்தி அனுப்பினா "அக்கவுன்ட்ஸ்ல ஆள் லீவு"ம்பாங்க, பலூன் உடைச்ச அண்ணனுக்கு நான் என் கைக்காசைப் போட்டுக் குடுத்துட்டு உக்காந்திருப்பேன், அவங்க அதுக்குள்ள நிகழ்ச்சி வீடியோவை நூறு தடவ ஷேர் பண்ணியிருப்பாங்க. நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்குறவர்னா சவுண்டு, லைட்டு ஆளுங்களுக்கு பாதியாவது முன்பணம் குடுங்க, வேற ஒன்னும் கேக்கல.

தேதி எந்த மாசம்னு நீங்க சொல்லல. மழைக்காலம்னா தகரக் கூரை போட்ட இடத்தை எடுக்காதீங்க, கூரையில மழை கொட்டுற சத்தத்துக்கு நடுவுல எந்த மைக்கும் செல்லாது. ஏற்கனவே பேசி முடிச்சிருந்தா, மழை வந்தா பக்கத்துல எந்த அறைக்கு மாத்தறதுன்னு ஒப்பந்தத்துலயே எழுதி வாங்கிக்குங்க.