பதில்: "நான் பாதி பாதியா?" என்று கேட்கும் மகனுக்கு என்ன கதை சொல்ல?

வணக்கம் சகோதரி. அப்பா சீனர், அம்மா தமிழர். பாலர் பள்ளியில் யாரோ "நீ இந்தியனா, சீனனா?" என்று கேட்டதிலிருந்து ஆறு வயது மகன் "நான் பாதி பாதியா?" என்று அழுகிறான் என எழுதியிருந்தீர்கள்.

முதலில், பறவையும் விலங்கும் சண்டை போட, இரண்டு பக்கமும் சேர்க்காத வௌவால் கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் மகளும் கலப்புதான். தெரியாமல் சொல்லிவிட்டு இரண்டு நாள் நான் பட்ட பாடு!

செட்டி மலாக்கா மக்களைக் கதையாக்குங்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் மலாக்காவுக்கு வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் பேசுவது மலாய் கலந்த மொழி, பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா என்ற மலாய் பாணிக் கைலியும் சட்டையும், கும்பிடுவது மாரியம்மனை. பொங்கலும் உண்டு. இதில் எதைப் பாதி என்பது? சொல்லிவிட்டு, சிங்கப்பூர் ஆர்மீனியன் ஸ்திரீட்டில், இப்படிக் கலப்பில் வந்த பெரனாக்கான் மக்களுக்காக இருக்கும் பெரனாக்கான் அரும்பொருளகத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கலப்பில் பிறந்த உடை, பாத்திரம், நகை எல்லாம் கண்ணெதிரே இருக்கும்.

நூலகத்தில் புத்தகம் எடுத்தால், கலப்பு என்பதையே பிரச்சினையாக வைத்து அழும் கதைகளை ஒதுக்குங்கள். நாயகன் கலப்பாக இருக்கட்டும், ஆனால் அவன் தொலைந்த பூனையைத் தேடட்டும். அதுதான் என் மகளுக்குப் பிடித்தது.

அப்புறம், சிங்கப்பூரில் 2011 முதல் பிறப்புப் பதிவில் 'சீனர்-இந்தியர்' என்று இரண்டு இனமும் சேர்த்தே போடலாம். அவனுடைய பதிவில் அப்படி இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் இரண்டு தடவை அன்பளிப்பு உறை கிடைப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.