இத்தாலியக் கடற்கரையில், உள்ளூர் நண்பரோடு வார இறுதியை நிம்மதியாகக் கழிக்க எந்த ஊருக்குப் போகலாம்?

கமோல்யிக்குப் போங்கள். ஜெனோவாவுக்குக் கிழக்கே, லிகூரியா கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன மீனவ ஊர். சின்க்வே தெர்ரே என்ற ஐந்து ஊர்த் தொகுப்பைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அழகான இடம்தான், ஆனால் ஐந்து ஊர்களை இரண்டு நாளில் பார்க்க ஓடினால் திங்கட்கிழமை உடம்பு எழுந்திருக்காது. உங்கள் கேள்வியில் 'நிம்மதியாக' என்று இருப்பதால்தான் இந்த ஒரே ஊரைச் சொல்கிறேன்.

மிலானில் படித்துக்கொண்டிருந்தபோது என் வகுப்புத் தோழி அழைத்துப்போனாள். அவள் பாட்டி அந்த ஊர்க்காரர். ஜூன் மாதம், தேர்வு முடிந்த வெள்ளிக்கிழமை, "பையை எடு, நோன்னா வீட்டுக்குப் போகலாம்" என்றாள். நோன்னா என்றால் பாட்டி. நானும் இரண்டு நாளும் அவரை அப்படியே கூப்பிட்டேன்.

ரயிலில் ஜெனோவா போய், அங்கே உள்ளூர் வண்டிக்கு மாற வேண்டும். இயந்திரத்தில் எடுக்கும் காகிதச் சீட்டை ஏறுமுன் நடைமேடைப் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அபராதம். கமோல்யி நிலையத்தில் இறங்கிப் படிக்கட்டு வழியே கீழே போனால் சில நிமிடங்களில் கடல்.

கரையை ஒட்டி உயரமான வீடுகள், காவியும் மஞ்சளும் செம்மண் சிவப்புமாக வரிசையாக நிற்கின்றன. நோன்னா வீட்டு எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் பாதி திறந்திருந்தது. மறுநாள் காலையிலும் அதே அளவு திறந்திருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஜன்னலே இல்லை. கதவும் சட்டமும் கதவின் நிழலும்கூடச் சுவரில் தீட்டிய ஓவியம். லிகூரியா முழுக்க இந்த வழக்கம் உண்டு. கடலிலிருந்து திரும்பும் ஆண்கள் தூரத்திலிருந்தே தங்கள் வீட்டை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று நோன்னா சொன்னார். ஆண்களெல்லாம் கப்பலில் போய்விட மனைவிமார் மட்டும் இருந்த ஊர், அதனால் 'மனைவியரின் வீடு' என்பதே கமோல்யி ஆயிற்று என்று ஊரார் ஒரு பெயர்க்காரணமும் சொல்வார்கள்.

சனிக்கிழமை படகில் சான் ஃப்ருத்துவோசோ என்ற சின்ன வளைகுடாவுக்குப் போவதாக இருந்தோம். அலை அதிகம் என்று படகு விடவில்லை. துறைமுகத் திண்ணையில் நாலைந்து பெரியவர்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஜெனோவாக்காரர்களின் முணுமுணுப்புக்கு 'முகூன்யோ' என்று தனிப் பெயரே இருக்கிறது. அந்தக் காலத்துக் கப்பலோட்டிகள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, முணுமுணுக்கும் உரிமை வேண்டும் என்று பேசிக்கொண்டு வேலையில் சேர்ந்ததாகக் கதை. தோழி இதைச் சொல்லிவிட்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்று காலை வேறு வேலையே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கேதான் அந்த வலையைப் பார்த்தேன். கமோல்யிக்கும் புந்தா கியாப்பா முனைக்கும் நடுவே ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 'தொன்னரெல்லா' என்ற நிலைவலை போடுகிறார்கள். கரையோரமாக நீந்திவரும் மீன் குறுக்கே நிற்கும் வலையில் முட்டி, ஆழமான பக்கம் திரும்பி, வலையறைக்குள் போய்ச் சேரும். மீனவர்கள் படகில் நின்று கையாலேயே இழுத்துத் தூக்குவார்கள். நூற்றாண்டுகளாக நடக்கிற முறை. துறையில் கிடந்த ஒரு துண்டுக் கயிற்றை எடுத்து விரலால் பிரித்தேன். சொரசொரப்பு, பழுப்பு நிறம், உப்பு வாடை. தென்னந்தும்பு! நான் நாகர்கோவில் பக்கம். ஊறிய கதம்பையை அடித்துத் தும்பெடுத்துக் கயிறு திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். தென்னை வளராத ஒரு கரையில் அதே கயிற்றைக் கையில் பிடித்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. இதுதான் இங்கே வழக்கம், தும்பு என்றால் கடலிலேயே மட்கிப் போகும் என்றார் ஒரு பெரியவர். இதை எங்கள் ஊரில் எப்படித் திரிக்கிறோம் என்று நான் கையசைத்துக் காட்ட, தோழி மொழிபெயர்க்க, அரை மணி நேரம் போனதே தெரியவில்லை.

மதியம் கடைகள் சாத்திவிடுவார்கள். நாங்களும் தூங்கினோம்.

சாயங்காலம் நோன்னா பெஸ்தோ என்ற பச்சைத் துவையல் செய்தார். பளிங்கு உரல், மர உலக்கை. பூண்டையும் பைன் கொட்டையையும் முதலில் நசுக்கி, கல்லுப்போடு துளசி போன்ற பேசில் இலையைப் போட்டார். இடிக்கவில்லை, உலக்கையை உரலின் சுவரோடு வட்டமாக அழுத்தி உருட்டினார். ஓங்கி இடித்தால் இலை கறுத்துக் கசக்கும் என்றார். பிறகு இரண்டு வகைச் சீஸ், கடைசியில் ஆலிவ் எண்ணெய். அந்த வாசனையை நான் முன்பே அறிவேன். நம் திருநீற்றுப்பச்சிலையும் அதே செடியினம்தான். அதன் விதையைத்தான் சப்ஜா என்று பானகங்களில் போடுகிறோம். நோன்னாவிடம் சொன்னேன். விதையைத் தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்போம் என்றதும் கையை நிறுத்திவிட்டு, "எவ்வளவு நேரம் ஊற வேண்டும்?" என்று கேட்டார். உருளைக்கிழங்கும் பீன்ஸும் சேர்த்து வேகவைத்த த்ரோஃபியே பாஸ்தாவோடு சாப்பிட்டோம்.

சாப்பாட்டில் இன்னும் இரண்டு. பக்கத்து ஊர் ரெக்கோவின் சீஸ் ஃபொகாச்சா (ஃபொகாச்சா என்றால் தட்டையான ரொட்டி): காகிதம்போல மெல்லிய இரண்டு மாவுத் தகடுகளுக்கு நடுவே சீஸ் உருகி நிற்கும், சூடாகவே சாப்பிட வேண்டும். பால்பொருளும் வேண்டாம் என்பவர்களுக்கு ஃபரினாத்தா: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு மட்டும் கரைத்து அகலத் தட்டில் சுடும் அடை. காலையில் வெறும் ஃபொகாச்சாவைக் கப்புச்சினோவில் தோய்த்துச் சாப்பிடுவது அந்தப் பக்கத்துப் பழக்கம். உப்பும் பாலும் சேருமா என்று தயங்காதீர்கள்.

ஞாயிறு கடல் அடங்கியது. அரை மணி நேரப் படகில் சான் ஃப்ருத்துவோசோ. சாலையே கிடையாது, படகில் வர வேண்டும், அல்லது மலைப்பாதையில் நடந்து வர வேண்டும். சின்ன வளைகுடாவில் ஒரு பழைய மடாலயம், அதன் வளைவுகளுக்கு முன்னாலேயே கடற்கரை. அந்தத் தண்ணீருக்குள் சுமார் 17 மீட்டர் ஆழத்தில், கைகளை மேலே விரித்தபடி இயேசுவின் வெண்கலச் சிலை நிற்கிறது. 1954-இல் இறக்கினார்கள், செய்தவர் குய்தோ கல்லெத்தி. முக்குளிப்பவர்களுக்குத்தான் அது தெரியும். நான் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, அவர் அங்கே இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கரை முழுக்கக் கூழாங்கல், ரப்பர் செருப்பு அவசியம்.

எப்போது போவது? மே இரண்டாம் ஞாயிறு மீன் திருவிழா. ராட்சத வாணலியில் மீன் பொரித்துக் கொடுப்பார்கள், கூட்டம் தாங்காது, உங்களுக்கு வேண்டாம். ஆகஸ்ட் முதல் ஞாயிறு 'ஸ்தெல்லா மாரிஸ்': இரவில் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளைக் கடலில் மிதக்கவிடுவார்கள். கூட்டம் இருந்தாலும் அதற்குப் போகலாம். இல்லையென்றால் ஜூன் அல்லது செப்டம்பர். நண்பர் வீட்டில் தங்கினால் அவருடைய நேரப்படியே இருங்கள். இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத்தான்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது நோன்னா ஒரு காகிதப் பொட்டலம் கொடுத்தார், உள்ளே ஈரத் துணியில் சுற்றிய ஒரு கட்டு பச்சிலை. ரயில் சுரங்கத்துக்குள் போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. வெளிச்சம் வரும்போதெல்லாம் ஒரு துண்டுக் கடல் தெரிந்து மறைந்தது. பெட்டி முழுக்கப் பச்சிலை வாசம்.