விட்டுப்போன எட்டு நாளை என்ன செய்வது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "அக்கா, எங்கள் எழுத்தாளர் வட்சப் குழுவில் முப்பது நாள் சவால் நடக்கிறது. ஒரே கதை, நாளுக்கு 500 சொல். பத்து நாள் ஒழுங்காகப் போட்டேன். அப்புறம் தவணைப் பரீட்சை விடைத்தாள், சின்னவனுக்குக் காய்ச்சல். எட்டு நாள் ஒன்றும் எழுதவில்லை. மற்றவர்கள் போடுவதைப் பார்க்கவே வெட்கமாக இருக்கிறது. விட்டதை எழுதிமுடிக்க வழி உண்டா, அல்லது விலகிவிடவா?"

தங்கச்சி, விலகவேண்டாம். விட்டதை எழுதவும் வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். எட்டு நாளுக்கு 4,000 சொல் பாக்கி. மிச்சம் இருப்பது 12 நாள். பாக்கியைப் பிரித்துச் சேர்த்தால் நாளுக்கு 833 சொல் வருகிறது. 500க்கே நேரம் கிடைக்காத வீட்டில் அதற்கு எங்கே போவது? இரண்டு நாள் முயன்று பார்ப்பீர்கள். மூன்றாம் நாள் பாக்கி இன்னும் ஏறியிருக்கும், கொப்பியைத் திறக்கவே மனம் வராது. சவாலைப் பாதியில் விட்ட பலரோடு பேசியிருக்கிறேன். அவர்களை நிறுத்தியது பெரும்பாலும் இந்தப் பாக்கிதான். சீட்டில் ஒரு மாதம் தவறினால் கட்டித்தான் ஆகவேண்டும், அந்தக் காசுக்கு இன்னொருவர் காத்திருக்கிறார். உங்கள் பதினோராம் நாளுக்கு யாரும் காத்திருக்கவில்லை. அதை விடுங்கள். இன்று 19ஆம் நாள், இன்றையதை மட்டும் எழுதுங்கள்.

அந்த 500ஐயும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். இப்படி நாள் கணக்கு வைத்து எழுதும் பழக்கம் பரவியதற்கு ஒரு பெரிய காரணம், 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கம் கிறிஸ் பேட்டி என்பவர் 21 பேரோடு தொடங்கிய நாவல் சவால். ஒரு மாதத்தில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. முதல் ஆண்டு யூலையில் நடத்தினார்கள். அடுத்த ஆண்டு நவம்பருக்கு மாற்றினார்கள். வெளியே காலநிலை மோசம், உள்ளே இருந்து எழுதலாம் என்பது அவர்கள் எண்ணம். நமக்கு நவம்பர் என்றால் வடகீழ்ப் பருவமழை. வளவுக்குள் தண்ணீர் வந்தால் அரிசியையும் புத்தகங்களையும் மேலே ஏற்றவேண்டும், கரண்ட் எப்போது நிற்கும் என்று சொல்லமுடியாது, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பெரும்போக நெல் வேலை வேறு. அந்த மாதத்தையும் அந்த எண்ணையும் அப்படியே இங்கே கொண்டுவரத் தேவையில்லை. மொழியும் வேறு. 'வீட்டுக்குள்ளிருந்துகொண்டே' என்பது நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்தில் அதற்கு நாலைந்து வேண்டும். தமிழில் 500 சொல் என்பது கனமான பாரம். 300 போதுமா என்று குழுவில் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நானாக இருந்தால் சொல்லை எண்ணாமல் நேரத்தை எண்ணுவேன். 25 நிமிடம், போன் அடுத்த அறையில். நேரம் முடிந்ததும், இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கிற இடமானாலும் அங்கேயே நிறுத்துவேன், அடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்திருந்தால் நல்லது. மறுநாள் அந்தப் பதிலிலிருந்து தொடங்கலாம். விடைத்தாள் குவிந்த நாளில் ஒரு வரி போதும். உங்கள் கதையில் வரும் ஒருத்தி இன்று என்ன கறி ஆக்கினாள் என்று எழுதிவைத்தாலும் அவள் உங்களை விட்டுப் போகமாட்டாள்.

வெட்கத்துக்கு வருகிறேன், அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது. எல்லோரும் தனித்தனியே எழுதி ஒரே இடத்தில் போடும்போது நாம் பார்ப்பது மற்றவர்களின் எண்ணிக்கையை மட்டும். நம் ஊர்க் கூத்தை நினைத்துப் பாருங்கள். வடமோடியோ தென்மோடியோ, எந்தப் பாணியானாலும், சட்டங்கொடுக்கும் நாளில் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் பாட்டையும் வசனத்தையும் கொடுப்பார். பகலில் வயலிலும் வாவியிலும் நின்றவர்கள் இரவில் கூத்தாடும் களரிக்கு வந்து மாதக்கணக்கில் பழகினார்கள். களைத்த உடம்பை அங்கே கொண்டுவந்தது என்ன என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆடுபவன் ஒவ்வொருவனும் இப்படித்தான் நினைத்திருப்பான்: நான் போகாவிட்டால் எனக்கு எதிரே நின்று ஆடுபவனின் தர்க்கப்பாட்டுக்கு மறுபாட்டு இல்லை. அவன் அங்கே எனக்காக நிற்கிறான். இந்த ஒரு விஷயம் எந்தப் பாராட்டையும்விடப் பலமானது.

உங்கள் குழுவில் அது இல்லை. ஆனால் உண்டாக்கலாம். நம்பிக்கையான ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் அனுப்பியதை வாசித்த பிறகே அவர் தன்னுடையதை அனுப்பவேண்டும், அவருடையதை வாசித்த பிறகே நீங்கள் அடுத்ததை. 'சூப்பர்' என்ற பதில் இருவருக்கும் உதவாது. "எந்த இடத்தில் வாசிக்க அலுத்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

குழுவுக்கு இன்றிரவே, "எட்டு நாள் எழுதமுடியவில்லை, இன்றிலிருந்து தொடர்கிறேன்" என்று போடுங்கள். மன்னிப்பும் வேண்டாம், காரணமும் வேண்டாம். உங்களைப் போலவே அங்கே சத்தமில்லாமல் இருப்பவர்கள் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள், அதைப் பார்த்து அவர்களும் வருவார்கள்.

கதையில் விழுந்த இடைவெளிக்கு, கொப்பியில் "இங்கே இரண்டு காட்சி குறைகிறது" என்று பென்சிலால் குறித்துவிட்டு மேலே போங்கள். முப்பதாம் நாளுக்குப் பிறகு வாசித்துப் பார்த்தால் அவை தேவையா என்று கதையே காட்டும். எனக்குப் பல தடவை ஒரு பந்தியே போதுமாக இருந்திருக்கிறது. சின்னவனுக்குக் காய்ச்சல் முழுதாக விடும்வரை நித்திரையை வெட்டி எழுதவேண்டாம்.