முதலில் டார்ச்சை எடுங்கள்

தோட்ட விளக்கு: வாசகர் கேள்விகளுக்கு ஓர் எலெக்ட்ரீஷியனின் பதில்கள்

கேள்வி: வீட்டு முன்னால் சின்னத் தோட்டம். நடைபாதையின் இரண்டு பக்கமும் விளக்கு வைக்க ஆசை. எத்தனை வாங்கலாம்? எத்தனை வாட்?

பதில்: எண்ணிக்கை அப்புறம். இன்றைக்கு இருட்டியதும் வாசல் விளக்கை அணைத்துவிட்டு ஒரு டார்ச்சோடு வெளியே போங்கள். மரத்தடியில் டார்ச்சைத் தரையில் வைத்து மேலே திருப்புங்கள். அப்புறம் சுவரை ஒட்டி வையுங்கள். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். பிடித்த இடத்தில் ஒரு குச்சி ஊன்றுங்கள். குச்சிகளை எண்ணினால் அதுதான் உங்கள் கணக்கு. பெரும்பாலும் நினைத்ததில் பாதிகூட வராது.

பாதையின் இரண்டு பக்கமும் நேருக்கு நேர் வைக்காதீர்கள். என் சொந்த வீட்டில் முதல் தடவை அப்படித்தான் வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "விமானம் எப்ப இறங்குது?" என்றார். மறுநாளே பாதியைப் பிடுங்கினேன். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாற்றி மாற்றி, 2, 3 மீட்டர் இடைவெளியில் வைத்தால் போதும்.

வாட் என்பது கரண்ட் செலவு. எவ்வளவு வெளிச்சம் வரும் என்பதற்கு அட்டையில் லூமன் பாருங்கள். பாதைக்கு 100 முதல் 200 லூமன், மரத்துக்கு 300, 400. வெளிச்சத்தின் நிறத்துக்குக் கெல்வின்: மஞ்சள் கலந்த 2700, மிஞ்சினால் 3000. 6500 கெல்வின் வெள்ளையில் பச்சை இலையும் காய்ச்சல்காரன் முகம் மாதிரி வெளுத்துத் தெரியும். நீலம் கலந்த வெளிச்சத்துக்குப் பூச்சியும் அதிகம் வரும்.

கேள்வி: 12 வோல்ட் விளக்குகள் வரிசையாகப் போட்டேன். முதல் விளக்கு பளிச், கடைசி விளக்கு மங்கல். விளக்கை மாற்றியும் அப்படியேதான்.

பதில்: விளக்கு பாவம், அதை விட்டுவிடுங்கள். குற்றவாளி ஒயர். விளக்குகள் எல்லாம் சேர்ந்து 60 வாட் லோடு என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் 20 மீட்டர் போய்வர 40 மீட்டர். ஒயரின் தடை கிட்டத்தட்ட அரை ஓம். லோடு முழுவதும் கடைசியில் இருந்தால் இரண்டரை வோல்ட் வழியிலேயே காலி. 12 கிளம்பி ஒன்பதரைதான் போய்ச் சேருகிறது. அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 1 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். தோண்டிப் புது ஒயர் போட மனசில்லையா? வீட்டுக் கரண்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரை வரிசையின் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் கிளை பிரித்துவிடுங்கள். 60 வாட் லோடுக்கு 75 வாட்டுக்குக் குறையாத டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். முக்கி முக்கி ஓடுவது சீக்கிரம் படுத்துவிடும்.

கேள்வி: தரையில் பதித்த விளக்கில் ஐபி67 என்று போட்டிருந்தது. ஒரே மழையில் கண்ணாடிக்குள் தண்ணீர். ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இருக்காது. ஐபி என்பது தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான குறியீடு. 67 என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்று கணக்கு. ராத்திரி முழுக்கக் குளத்தில் உட்கார வைத்தால் அதுவும்தான் என்ன செய்யும்? எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது. மழைத் தண்ணீர் பட்டுக் குளிர்ந்ததும் சுருங்கி, ஒயர் நுழையும் இடுக்கு வழியாக ஈரத்தை உறிஞ்சுகிறது. விளக்கு மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு ஜல்லி கொட்டுங்கள், தண்ணீர் நிற்காமல் வடியும்.

அப்புறம் ஒயர்களை இணைத்த ஜாயின்டைத் திறந்து பாருங்கள். நான் திறந்த ஒன்றில் இன்சுலேஷன் டேப் வெற்றிலை மடிப்பு மாதிரி பிரிந்து கிடந்தது. உள்ளே செம்பு பச்சைப் பொடி. ஒயரைச் சீவச் சீவ, ஒரு விரல் நீளம் தாண்டியும் கருப்புத்தான். இழைகளுக்கு நடுவே தண்ணீர் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. மண்ணுக்குள் டேப் ஆகாது. ஜெல் நிரப்பிய கனெக்டர் போடுங்கள்.

கேள்வி: இவ்வளவு வம்பு எதற்கு, சோலார் போதாதா?

பதில்: நாள் முழுக்க வெயில் விழும் இடமென்றால் சரி. மர நிழலில் வைத்தால் ராத்திரி ஒன்பது மணிக்கே தூங்கிவிடும். வருஷம் ஒன்றிரண்டில் பேட்டரி மாற்ற வேண்டிவரும். கழற்றி மாட்ட முடிகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

கேள்வி: நானே பொருத்தலாமா?

பதில்: 12 வோல்ட் பக்கம் தாராளமாக. வீட்டுக் கரண்ட் ஓடும் மெயின் பக்கம் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேலையே தொடங்க வேண்டாம். ஒயரை மூடுவதற்கு முன் ஒரு ராத்திரி எரியவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு விளக்குக்கும் கீழே இரண்டு முழம் ஒயரைச் சுருட்டி விடுங்கள். முழங்கால் உயரச் செடி இரண்டு வருஷத்தில் தலைக்கு மேல் போகும். விளக்கைத் தள்ளி வைக்க அப்போது ஒயர் வேண்டுமே.