டிஸ்டோபியா கதைகள், அதாவது சமூகம் கொடுமையாக மாறிவிட்ட ஒரு கற்பனை உலகைக் காட்டும் கதைகள், இளைஞர்களைச் சமூகத்தைப் பற்றிச் சிந்திக்க வைக்கின்றனவா, அல்லது மனச்சோர்வை மட்டும் தருகின்றனவா?

வாணியம்பாடியில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிந்திக்க வைக்கின்றன, ஆனால் எல்லாக் கதைகளும் ஒரே அளவில் அல்ல.

கொடுங்கோல் அரசைத் துணிச்சலான இளம்பெண் ஒருத்தி எதிர்த்து நிற்கும் கதைகளை மாணவர்கள் ஒரே மூச்சில் படித்து முடிக்கிறார்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 'ஹங்கர் கேம்ஸ்' கதையில் வரும் மூன்று விரல் வணக்கத்தைத் தாய்லாந்து இளைஞர்கள் 2014 ராணுவப் புரட்சிக்குப் பின் எதிர்ப்பின் அடையாளமாகக் கைக்கொண்டார்கள்; 2021இல் அது மியான்மர் வீதிகளிலும் உயர்ந்தது. ஆனால் துப்பாக்கியோடு ராணுவம் நிற்கும் தெருவில், எதிரி யார் என்பதைக் கதை வந்து காட்ட வேண்டியதில்லை.

எங்கள் ஊருக்கு நெருக்கமானது 1932இல் வெளிவந்த ஆல்டஸ் ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்டு'. அதில் குழந்தைகள் பிறக்கும் முன்பே இன்ன வேலைக்கு என்று தரம் பிரிக்கப்பட்டு, அந்த வேலையையே விரும்பும்படி பழக்கப்படுகிறார்கள்; மனம் கலங்கினால் விழுங்குவதற்குச் சோமா மாத்திரை இருக்கிறது. பெரும்பாலோர் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். (பிறப்பிலேயே வேலை முடிவாகிவிடுகிறது என்றதும் வகுப்பில் பேச்சு சாதிக்குத் தாவும், அதற்குத் தனியாகவே ஒரு பதில் எழுத வேண்டும்.) அடக்குபவன் என்று ஒருவனைச் சுட்ட முடியாத அந்த உலகத்தைப் பேசும்போதுதான் மாணவர்கள் தம் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பலருடைய அப்பா தோல் பதனிடும் டேனரியிலும் அக்கா ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறார்கள். கல்லூரிக் கட்டணம் அந்தச் சம்பளத்திலிருந்தே வருகிறது. அதே டேனரிகளின் கழிவுநீர் பாலாற்றையும் சுற்றுவட்டக் கிணறுகளையும் கெடுத்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் கேன் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள், அதை விசித்திரமாக எண்ணுவதும் இல்லை. இது எப்போதிலிருந்து இயல்பானது, யார் ஒப்புக்கொண்டு இயல்பானது என்ற கேள்வி, நாவலைப் படித்த பிறகு அவர்களிடமிருந்தே எழுகிறது.

மனச்சோர்வைப் பொறுத்தவரை, கதையைக் கொடுத்துவிட்டு நாம் விலகிக்கொண்டால் அது வரத்தான் செய்யும். ஆகவே நான் நாவலோடு சேர்த்து, வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் வாசிக்கச் சொல்கிறேன். தோல் தொழில் அந்நியச் செலாவணியும் வேலைவாய்ப்பும் தருகிறது என்பதை ஏற்றுக்கொண்டே, சுற்றுச்சூழலை அழிக்க அதற்கு உரிமை இல்லை என்றும், மாசுபடுத்தியவரே இழப்பீடும் ஆற்றைச் சீர்செய்யும் செலவும் ஏற்க வேண்டும் என்றும் கூறிய தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்புக்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குத் 2019 வரை தம் ஊர் இருந்த மாவட்டத்தின் பெயரால் இப்படி ஒரு வழக்கு நடந்ததே புதுச் செய்தியாக இருக்கிறது. தீர்ப்பு வந்தும் ஆறு ஏன் மீளவில்லை என்று ஒருவர் கேட்பார். டேனரியை மூடினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியுமா என்று இன்னொருவர் கேட்பார். இரண்டுக்கும் ஹக்ஸ்லியிடம் விடை கிடையாது. அதற்கு மேல் அவர்கள் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கணக்கையும் தொழிலாளர் சட்டத்தையும்தான் படித்தாக வேண்டும். சிலர் படிக்கவும் செய்கிறார்கள்.