கோயில் பெயரில் கிரெடிட் கார்டு போட்டால் நிதி சேருமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு கோயில் கமிட்டிச் செயலாளர் கேட்கிறார்: சனிக்கிழமைதோறும் முதியவர்களுக்குச் சாப்பாடு போடுகிறோம், பருப்பு எண்ணெய் விலை கையைக் கடிக்கிறது, வங்கியோடு பேசி கோயில் பெயரிலேயே கிரெடிட் கார்டு கொண்டுவரலாம் என்கிறார் ஒருவர். 80 குடும்பங்கள் இருக்கிறோம், சரிப்படுமா?

சரிப்படாதுங்க. இந்த மாதிரிக் கார்டுகளை 1980களில் அமெரிக்காவில் பரப்பியது எம்பிஎன்ஏ வங்கி, அங்கே கார்டில் பெயர் போட்ட அமைப்புகளுக்குப் போனது பெரும்பாலும் செலவில் அரை சதவீத அளவுதான். அதே கணக்கில் உங்கள் 80 வீடும் மாதம் 3,000 ராண்ட் தேய்த்தால் கோயிலுக்கு 1,200 ராண்ட், ஒரு பிரியாணி விற்பனையில் அதற்கு மேலேயே வந்துவிடும். அதுவும் 80 பேருக்காக எந்த வங்கி தனியாகக் கார்டு அச்சடிக்கும்? இன்னொன்று, யாராவது 10,000 ராண்டைக் கட்டாமல் வைத்திருந்து வட்டி 20 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 2,000 ராண்ட் வங்கிக்கு. அந்தச் செலவில் கோயிலுக்கு வந்தது 50 ராண்ட்!

இங்கே நெட்பேங்க் என்ற வங்கியில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு, வாடிக்கையாளர் பையில் கை வைக்காமல் வங்கியே கொடுக்கிறது. ஆனால் பசுமைக் கணக்கு என்ற அந்த ஏற்பாட்டின் பணம் 1990இல் தொடங்கிய இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குப் போகும், உங்கள் அடுப்புக்கு வராது.

அதைவிட மைஸ்கூல் கார்டைப் பாருங்கள். 1997இலிருந்து இருக்கிறது, கிரெடிட் கார்டே இல்லை, அதனால் கடன் பயமில்லை. வூல்வொர்த்ஸ் போன்ற கடைகளில் பில் போடும்போது காட்டினால் நீங்கள் தேர்ந்தெடுத்த அமைப்புக்குக் கடைக்காரர் ஒரு பங்கைக் கொடுக்கிறார். முதலில் உங்கள் அமைப்பைப் பயனாளியாகச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். சேர்த்துக்கொண்டால், பூஜை முடிந்து ஜனம் செருப்புத் தேடும் இடத்தில் ஒரு பையனை போனோடு உட்கார வையுங்கள், அங்கேயே பதிந்துவிடலாம். சும்மா அறிவிப்பு செய்தால் யாரும் செய்ய மாட்டார்கள், நான் பார்த்தாயிற்று.

ஆனால் உண்மையான காசு டெபிட் ஆர்டரில்தான், அதாவது மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும் நன்கொடையில். பாதிக் குடும்பங்கள் மாதம் 100 ராண்ட் கொடுத்தாலே 4,000 ஆச்சு. நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் வருமான வரிச் சட்டப் பிரிவு 18ஏ அங்கீகாரம் வாங்கினால் கொடுப்பவர்கள் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள்: பூஜை, திருவிழாவுக்கு 18ஏ கிடையாது, ஏழை முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கு உண்டு. அதனால் சாப்பாட்டுக்கென்று தனி அமைப்பு, தனி வங்கிக் கணக்கு வைத்து, நல்ல கணக்காளரிடம் காட்டி விண்ணப்பியுங்கள். வருமான வரித் துறை அனுமதி கைக்கு வரும்வரை ஒரு 18ஏ ரசீதுகூட எழுதாதீர்கள்.