தூண்டில் ரீல் கழற்றும் பையனுக்கு எதற்கு மருத்துவம்?

மகனின் மேற்படிப்புக்கு என்னிடம் ஆலோசனை கேட்க, தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து வந்த அந்த அம்மா உட்காருவதற்குள் அழுதுவிட்டார். மகன் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதியாண்டு. இங்கே மருத்துவ இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. வீட்டின் மேல் இரண்டாவது கடன் வாங்கியாவது வெளிநாட்டுக்கு அனுப்பு என்று பெரியப்பா நெருக்குகிறாராம்.

தண்ணீர் கொடுத்தேன். ஆறுதல் அதோடு சரி.

அம்மா, வீட்டில் கை வைக்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். பிறகு அரசு மருத்துவமனைப் பயிற்சி இடத்துக்கு வரிசையில் நிற்க வேண்டும். அதுவரை வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். பெரியப்பா அந்தக் கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா, கேட்டுப் பாருங்கள்.

பையனிடம் தனியாகப் பேசினேன். டாக்டர் படிப்பு என்றால் தரையைப் பார்க்கிறான். டர்பன் கடற்கரையோர ப்ளூ லகூனில் தூண்டில் போடுவதைக் கேட்டதும் பையிலிருந்து ரீலை எடுத்து, உப்பேறிய பேரிங்கைக் கழற்றி மேசையில் வைத்தான். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். "நல்ல தண்ணியில கழுவாம விட்டா இப்படித்தான் ஆவும், அங்கிள்." இந்தக் கரையில் கரைவலை இழுத்தவர்களின் பேரன்தானே!

அவனுக்கு 'வேவ் கிளைடர்' என்ற, அலையால் நகரும் ஆளில்லாக் கடல் கருவியின் படத்தைக் காட்டினேன். மேலே சர்ஃப் பலகை மாதிரி ஒரு மிதவை. சில மீட்டர் கீழே கேபிளில் தொங்கும் சிறகுச் சட்டம். அலையின் ஆட்டம் மேலேதான், ஆழம் போகப்போக அடங்கிவிடும். அலை மிதவையைத் தூக்கும்போது சட்டம் மேலே இழுபட்டு, சிறகுகள் சாய்ந்து தண்ணீரைப் பின்னே தள்ளும். இறங்கும்போது சிறகுகள் எதிர்ப்பக்கம் சாயும். அப்போதும் நகர்வு முன்னேதான். ஒரு சொட்டு டீசல் இல்லை. கருவிகளுக்கும் செயற்கைக்கோள் தொடர்புக்கும் மட்டும் சூரியத் தகடு. 2011 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய 'பாப்பா மாவ்' என்ற கிளைடர், வழியெல்லாம் கடல் தகவல் சேகரித்தபடி 2012 நவம்பரில் ஆஸ்திரேலியா சேர்ந்தது. 9,000 கடல் மைலுக்கு மேல்!

நம் நாட்டிலும் உண்டு. தென்னாப்பிரிக்க அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் 'சாக்கோ' ஆய்வுக்குழு தென்பெருங்கடலில் கரியமில வாயுவை அளக்க இதை விட்டிருக்கிறது. மனிதர்கள் வெளியேற்றியதில் உலகக் கடல்கள் உறிஞ்சும் பங்கில் சுமார் 40 சதவீதம் அங்கேதான் போகிறது. குளிர்காலத்தில் கப்பல்கள் அங்கே போவது அரிது. அலைக்கு ஏது பஞ்சம்?

கரைக்கு வந்த மிதவையில் ஒட்டியிருக்கும் கொட்டலசு சுரண்டணும், கனெக்டரில் உப்பு ஏறியிருக்கிறதா பார்க்கணும், சென்சாரைச் சரிபார்த்து மறுபடி அனுப்பணும். ரீலுக்குச் செய்வதைத்தான் பெரிதாகச் செய்யப்போகிறான்.

ஆனால் இந்த வேலைக்கு நாட்டில் இடம் கொஞ்சம்தான். அதனால் எடுத்த எடுப்பிலேயே கடல் படிப்பு வேண்டாம். இங்கே டர்பனிலேயே, குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் ஹோவர்ட் காலேஜ் வளாகத்தில் எலக்ட்ரானிக் இன்ஜினியரிங். வீட்டுச் சாப்பாடு, பஸ் செலவு. கடல் வேலை அமையாவிட்டாலும் அந்தப் பட்டம் வீணாகாது. ஆசை அப்படியே நின்றால் பிறகு கேப் டவுனில் கடலியல் மேற்படிப்பு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் அரசின் 'என்ஸ்ஃபாஸ்' மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள். டியூஷன் காசு கணக்குக்கும் இயற்பியலுக்கும் மட்டும் போகட்டும்.

பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான சி.ஏ.ஓ. விண்ணப்பத்தில் முதல் விருப்பத்தை அவனே நிரப்பட்டும். பெரியப்பா நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.